அன்னக்கிளி போகாத துட்டி

சங்கரன்கோவிலில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பந்தல்காரனுக்கு முன்னாடி அன்னக்கிளி வந்துவிடுவாள் என்று ஒரு கேலிப்பேச்சு உண்டு. கேலி செய்கிறவன் வீட்டிலும் ஒருநாள் அது நடக்கும். அன்றைக்கும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவள் அவள்தான். செத்த வீட்டுக்குப் போய், இருக்கிறவர்களைக் கட்டிப்பிடித்து அழுது, எப்படி ஆச்சு, என்ன செஞ்சுது என்று நாலு வார்த்தை விசாரித்து வருவதற்கு எங்கள் பக்கத்தில் துட்டி கேட்பது என்று பேர். கல்யாணத்துக்கு வராதவனை ஒரு வருஷத்தில் மறந்துவிடுவார்கள். துட்டிக்கு வராதவனை அவன் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அன்னக்கிளிக்கு இது நன்றாகத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க் வேலை. வீட்டுக்காரர் கோமதிசங்கருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. ஒரே மகள் அபிதா. நாற்பத்திரண்டு வயசுக்குள் அவள் போன துட்டிகளுக்குக் கணக்கே கிடையாது. சங்கத்துக்கு ஒரு தடவை மட்டும் உரம் வாங்க வந்த ஆள் செத்ததற்குக்கூட அரைநாள் லீவு போட்டுப் போனவள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு துட்டிக்குப் போகவில்லை. ஏழு வருஷமாக அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எட்டே முக்கால் மணிக்கு, செத்துப்போன அந்தச் சிநேகிதியே அவளுக்குப் போன் செய்தாள்.

அப்போது அன்னக்கிளி திருவேங்கடம் ரோட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவளோடு பாளையங்கோட்டையில் பி.காம் படித்தவர்கள் எல்லாரும் கூடுகிற நாள். படிப்பு முடிந்து இருபத்தோரு வருஷம். வருஷத்துக்கு ஒரு ஊர் என்று வாட்ஸப் குரூப்பில் முடிவாகி, இந்தத் தடவை சங்கரன்கோவில். உள்ளூர்க்காரர்கள் ரெண்டு பேர்தான், அன்னக்கிளியும் காசியும். காசி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒரு விசேஷத்தைத் தலையில் போட்டுக்கொண்டால் நாலு நாள் தூங்க மாட்டான், மற்றவர்களையும் தூங்க விடமாட்டான். அவன் ஸ்டூல் மேல் ஏறி, மேடைக்குப் பின்னால் ஒரு பிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தான். ‘நீங்கா நினைவில்’ என்று மேலே எழுத்து. கீழே, இறந்துபோன நாலு பேரின் படம். அதில் மூணாவது படம் ஞானபூரணம். ஹாஸ்டல் டேயில் எடுத்தது. அந்தப் படத்தைக் கொடுத்ததே அன்னக்கிளிதான். ரெண்டு பேரும் தோளில் கைபோட்டு நின்ற போட்டோவில் அன்னக்கிளியை வெட்டிவிட்டு அச்சடித்திருந்தார்கள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“ஏட்டி அன்னம், எங்கன இருக்க?”

“யாரு பேசுதது?”

“குரலு கூட மறந்துட்டா? நான்தான்ட்டி, பூரணம். பஸ்ஸு இப்பத்தான் பனவடலிசத்திரம் தாண்டுது. அரை மணி நேரத்துல வந்துருவேன். பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லு, எனக்கு உங்க ஊர்ல வழி ஒண்ணும் தெரியாது.”

அன்னக்கிளி பிளெக்ஸைப் பார்த்தாள். பூரணம் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். “வாரேன்” என்று மட்டும் சொல்ல முடிந்தது. போனை வைத்ததும் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துவிட்டாள். பேயோ என்று அவள் நினைக்கவில்லை. பேயாக இருந்திருந்தால்கூடத் தேவலை. பேய் வந்தால் பயமுறுத்திவிட்டுப் போய்விடும். பூரணம் வந்தால் கேள்வி கேட்பாள். நான் செத்துட்டேன்னு கேள்விப்பட்டியே, ஏன் வரலை என்று கேட்பாள்.

அந்த ரெண்டு பேருக்கும் உள்ள பழக்கத்தைச் சொன்னால்தான் அவள் பதறியதன் நியாயம் விளங்கும். ஹாஸ்டலில் மூணு வருஷம் ஒரே ரூம். அன்னக்கிளி புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டக்காரர் மகள். பூரணம் நாசரேத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். ரெண்டாம் வருஷம், பரிட்சைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அன்னக்கிளியின் அப்பா தோட்டத்திலேயே விழுந்து செத்துப்போனார். கிளாஸில் எல்லாரும் பரிட்சைக்குப் போனார்கள். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. பூரணம் மட்டும் பஸ் பிடித்துப் புளியங்குடி வந்து, அங்கேயிருந்து மழையில் மூணு மைல் நடந்து வந்தாள். வந்தவள் அன்னக்கிளியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், பாருங்கள், சொந்தக்காரப் பொம்பளைகளே ஒதுங்கி நின்றார்கள். பதினாறு நாளும் கூடவே இருந்தாள். அந்தப் பரிட்சைகளை அடுத்த தடவைதான் எழுதினாள். துட்டி என்றால் என்ன என்று அன்னக்கிளி கற்றுக்கொண்டதே அவளிடம்தான்.

படிப்பு முடிந்தது. பூரணம் கல்யாணத்தின்போது அன்னக்கிளிக்கு நிறைமாசம், போகவில்லை. மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, சாம்சன் என்ற பேர் மட்டும் தெரியும். கொஞ்ச நாள் போன், கொஞ்ச நாள் கிறிஸ்துமஸ் கார்டு, அப்புறம் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் நடக்கிறதுதானே.

ஏழு வருஷத்துக்கு முன்னால் காசி திருச்செந்தூருக்குப் போனான். நாசரேத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஒரு பிளெக்ஸ் கண்ணில் பட்டது. மேல்பாதியை ஒரு வாழைத்தார் லாரி மறைத்து நின்றது. கீழ்ப்பாதியில் பூரணத்தின் முகம், பக்கத்தில் பேர், ஓரத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. பஸ் கிளம்புகிற அவசரத்தில் ஒரு படம் பிடித்து, ‘நம்ம பூரணம் போயிட்டா’ என்று குரூப்பில் போட்டுவிட்டான். பத்து நிமிஷத்தில் முப்பத்தெட்டுப் பேர் கும்பிடுகிற கையும் அழுகிற மூஞ்சியும் போட்டார்கள். அன்னக்கிளி ஓவென்று அழுதாள். பூரணத்தின் பழைய நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். பிறகென்ன, நிச்சயமாகிவிட்டது.

சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாமியார்தான் நடையில் நின்று மறித்தாள். வயசுக்கு வந்த அபிதாவுக்கு அடுத்த வாரம் சடங்கு. பத்திரிகை கொடுத்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. நல்ல காரியத்தை வைத்துக்கொண்டு யாராவது துட்டி வீட்டுக்குப் போவார்களா, பிள்ளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என்ன செய்வாய் என்று கேட்டாள். பிள்ளை பேரைச் சொன்னதும் அன்னக்கிளி உள்ளே திரும்பிவிட்டாள். சடங்கு முடியட்டும், மறுநாளே போய்விடலாம் என்றிருந்தாள். சடங்கு முடிந்தது. சங்கத்தில் ஆடிட் வந்தது. வீட்டுக்காரர் ஏணியில் இருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். இப்படியே ஒரு மாசம். அதற்கப்புறம் போக வெட்கமாகிவிட்டது. ஒரு மாசம் கழித்துப் போனால் ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்கள். ஒரு வருஷம் கழித்துப் போனால் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். அவள் போகவே இல்லை. போகாத அந்த ஒன்றுக்குப் பரிகாரம் மாதிரித்தான் ஊரில் அத்தனை துட்டிக்கும் ஓடினாள் என்று நான் நினைக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

சேரை விட்டு எழுந்து, “ஏலே காசி, இறங்கு” என்றாள். “பூரணம் சாகலை. பஸ்ஸுல வாரா.”

காசி ஸ்டூலில் இருந்து இறங்கவில்லை, கிட்டத்தட்ட விழுந்தான். “விளையாடுதியா?”

“அவ குரல் எனக்குத் தெரியாதா? நீ போட்ட லாரிப் படத்தை நம்பி நாம அவளைக் கொன்னுட்டோம்லே.”

இந்த நேரம் பார்த்து, கூடப் படித்த பாஜிலா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். துபாயில் இருந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது, குரூப்பில் சேர்ந்தும் அவ்வளவு நாள்தான். திருநெல்வேலியில் ஒரு கண்ணாஸ்பத்திரியில் பூரணத்தைப் பார்த்தாளாம். எல்லாரும் கூடுகிறோம், நீயும் வா என்று சொல்லி, அன்னக்கிளி நம்பரையும் கொடுத்தாளாம். “உங்க எல்லாருக்கும் சஸ்பென்ஸா இருக்கட்டும்னு சொல்லலைடி” என்றாள். பிளெக்ஸை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துப்போய்விட்டது பாவம். அவள் மேல் குற்றமே இல்லை.

பிளெக்ஸை அவிழ்த்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. நாலு படத்தில் முதல் படம் பேச்சிராஜ். லாரி மோதி செத்தவன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் மகன் படத்துக்கு மாலை போடுவதைப் பார்க்க ஏழரைக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண் முன்னால் எதை அவிழ்ப்பது?

“பிளேடு வச்சு அவ படத்தை மட்டும் அறுத்துருதேன்” என்றான் காசி. “ஓட்டையில சாமந்தி மாலையைத் தொங்கவிட்டா தெரியாது. நீ போயி பஸ் ஸ்டாண்டுல அவளைப் பத்து நிமிசம் நிப்பாட்டு. ஒரு டீ வாங்கிக் குடு. அன்னம், தயவுசெய்து இந்த விஷயத்தை மட்டும் சொல்லிராத.”

அன்னக்கிளி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் பொய்யை உருட்டி உருட்டிப் பார்த்தாள். நான் குரூப்பையே பார்க்கிறதில்லைட்டி என்று சொல்லலாமா? அப்போ எனக்கு உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சொல்லலாமா? ஒவ்வொன்றும் வாயில் வரும்போதே நாறியது. சிக்னலில் நின்றபோது யாரோ ஒருத்தன், “என்ன அக்கா, எங்க துட்டி?” என்று கேட்டான். அவள் வண்டியில் அவசரமாகப் போனால் ஊர்க்காரர்கள் கேட்கிறது அதுதான். அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பச்சை விழுந்ததும் வண்டியை முறுக்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கோயிலுக்கு வந்தவர்கள், பூக்காரிகள், திருநெல்வேலி பஸ்ஸுக்கு இடம் பிடிக்கத் துண்டு போடுகிறவர்கள். பஸ் வந்தது. கடைசி ஆளாக இறங்கினாள் பூரணம். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. சாம்பல் கலரில் ஒரு காட்டன் சேலை. கழுத்து வெறுமனே இருந்தது. அன்னக்கிளியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். கட்டிப்பிடித்தாள். அன்னக்கிளிக்குக் கை எழும்பவில்லை. கட்டை மாதிரி நின்றாள்.

“என்னட்டி, இப்படி நிக்க?”

“ஒண்ணுமில்ல. டீ குடிப்போமா?”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பூரணம் வாய் மூடாமல் பேசினாள். மகள் ஜாய்லின் நர்சிங் படிக்கிறாள். பூரணம் பள்ளிக்கூடத்தில் எட்டாங்கிளாஸுக்குக் கணக்கு எடுக்கிறாள். கண்ணில் புரை வந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அவ்வொ போயி ஏழு வருஷம் ஆச்சுட்டி.”

“யாரு?”

“எங்க வீட்டுக்காரவதான். சாம்சன். உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.”

லாரி மறைத்த மேல்பாதியில் இருந்தது யார் என்று அன்னக்கிளிக்கு இப்போது விளங்கியது. அது புருஷன் சாவுக்கு வைத்த பிளெக்ஸ். துக்கப்படுகிறவர்கள் முகத்தையும் பேரையும் கீழே வரிசையாகப் போடுகிறது நம் ஊர் வழக்கம். சாவு வீட்டில் அழுகிறவளைத்தான் காசி படம் பிடித்திருக்கிறான். முப்பத்தெட்டுப் பேரும் அதற்குத்தான் கும்பிட்டிருக்கிறார்கள்.

“நாசரேத்துல எல்லாரும் வந்தாவ” என்றாள் பூரணம். “ஆனா பதினாறு நாளும் வாசல்ல ஆட்டோ நின்னா நீதான்னு எட்டி எட்டிப் பாத்தேன். எங்க மாமியா கூட யாரட்டி தேடுதன்னு கேட்டா. செலவைச் சுருக்கணும்னு அவ்வொ போனோட சேத்து என் போனையும் வீட்டுல நிப்பாட்டிட்டாவ, உன் நம்பரும் அதோட போச்சு. அப்பறம் நானே மனசைத் தேத்திக்கிட்டேன். அவளுக்குச் சேதி போயிருக்காது. போயிருந்தா அன்னம் வராம இருப்பாளா? ஊரு தாண்டி, கடலு தாண்டி வந்திருப்பா. தெரியாமத்தான் வரலை. அப்படித்தானட்டி?”

அன்னக்கிளி தலையை ஆட்டிவிட்டாள். ஆமாம் என்று ஆட்டிவிட்டாள். சாம்சன் செத்தது நிஜமாகவே அவளுக்குத் தெரியாதே, அதில் பொய் எங்கே இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் அவசர அவசரமாக வக்காலத்து வாங்கியது. தப்பித்தோம் என்று ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அந்த நிம்மதியே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

போன் அடித்தது. காசி.

“அறுத்துட்டேன். மாலையும் போட்டாச்சு. இருபத்தாறு பேர் வந்திருக்காவ. அத்தனை பேர்ட்டயும் சொல்லிட்டேன், ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாதுன்னு. கூட்டிட்டு வா.”

போனை வைத்தாள். இருபத்தாறு பேர் வாயைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற மண்டபத்துக்குள் இவளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மூணு மணி வரைக்கும் சாப்பாடு போடவேண்டும். எவனாவது ஒருத்தன் பாயசம் குடிக்கும்போது உளறுவான். உளறாவிட்டாலும், அப்புறம் ஆயுசு பூராவும் பூரணம் போன் செய்யும்போதெல்லாம், தெரிந்துவிட்டதோ என்று பயந்துகொண்டே எடுக்கவேண்டும்.

“பூரணம்” என்றாள். “எனக்குச் சேதி வந்துச்சு.”

“என்ன சேதி?”

“உங்க வீட்டுக்காரவ சேதி இல்ல. நீ செத்துட்டன்னு வந்துச்சு. காசி பஸ்ஸுல இருந்து பிளெக்ஸைப் பாத்துட்டு உன்னைத்தான்னு நினைச்சுட்டான். குரூப்ல போட்டான். எல்லாரும் நம்பிட்டோம். நானும் நம்பிட்டேன். நீ செத்துட்டன்னு நம்பிட்டு, நான் வரலை.”

பூரணம் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. உதட்டில் தொடங்கி அப்படியே நின்றுவிட்டது.

“என் சாவுக்கா வரலை?”

“அபிதாவுக்குச் சடங்கு வச்சிருந்தோம். முடிஞ்சதும் வரலாம்னு இருந்தேன். அப்பறம் வெட்கமாப் போச்சு. இன்னைக்கு மண்டபத்துல உன் படமும் வச்சிருந்தோம். நீ போன் பண்ணின பொறவு இப்பத்தான் காசி அதை அறுத்தான்.”

“மத்தவங்க?”

“ஒருத்தரும் வரலை.”

கண்டக்டர் ஒருத்தர், “திருநெல்வேலி, திருநெல்வேலி, மானூர்” என்று கத்திக்கொண்டு குறுக்கே போனார். பூரணம் அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இதை ஏன் என்ட்ட சொன்ன? நான் கேட்டப்பவே தலையை ஆட்டிட்டியே. அதோட விட்டிருக்கலாம்லா.”

“எவனாவது சொல்லிருவானோன்னு பயம்” என்றாள் அன்னக்கிளி. அதற்கு மேல் நல்லவளாகக் காட்டிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

“நீ வராததைக்கூட விட்டுருவேன். தெரியாமத்தான் வரலைன்னு ஒண்ணு இருந்துச்சு பாரு. ஏழு வருஷம் அதை வச்சுத்தான் ஓட்டினேன். அதையும் எடுத்துட்ட.”

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள். பூரணம் அமைதியாகச் சொல்லிவிட்டு எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

“மண்டபத்துக்கு நான் வரலை. இருபத்தாறு பேர் மூஞ்சியையும் நான் எப்படிப் பாக்க? அவனுவளும் என்னை எப்படிப் பாப்பானுவ? வந்த பஸ்ஸே திரும்புது. போறேன்.”

அவள் போய் ஏறிவிட்டாள். பஸ்ஸின் நடுவில் ரெண்டு பேர் உட்காருகிற சீட்டில், ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்க்காமல் இருந்தாள். அன்னக்கிளி தரையில் நின்றாள். டிரைவர் ஏறி வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். ஸ்கூட்டி ஒரு பக்கம் நிற்கிறது, மண்டபத்தில் இலை போட ஆள் சொல்லவேண்டும், மைக் செட்காரன் வேறு அவளைக் கேட்டுக்கொண்டு வருவான். வீட்டில் சொல்லவில்லை. கையில் போனும் ஒரு சின்ன பர்ஸும் மட்டும்தான். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் இதற்கும் காரணம் கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. பஸ் நகர ஆரம்பித்தபோது படியில் தொற்றி ஏறிவிட்டாள்.

“ஏம்மா, ஏறுததை முன்னாடியே ஏறப்படாதா” என்று கண்டக்டர் வைதார்.

அன்னக்கிளி அந்த சீட்டுக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூரணம் நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க வார?”

“நாசரேத்துக்கு. உங்க வீட்டுக்கு.”

“இப்ப வந்து என்ன செய்ய? அங்கன இப்ப ஒருத்தரும் அழலை.”

“சரி. நான் வாரேன்.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து, “காசி, நான் வரலை. பூரணமும் வரலை. பேச்சிராஜ் அப்பாவை வச்சு மாலையைப் போடு” என்று சொல்லி அணைத்துவிட்டாள். கண்டக்டர் வந்தார். ரெண்டு திருநெல்வேலி என்று அன்னக்கிளி சொல்ல, எனக்கு நான் எடுத்துக்கிடுதேன் என்று பூரணம் தனியாக நீட்டினாள். பக்கத்தில் வைத்த பை நகரவில்லை. பனவடலிசத்திரம் வரைக்கும் அன்னக்கிளி நின்றுகொண்டே வந்தாள். கால் கடுத்தது. பின்னால் ஒரு சீட் காலியானது, போய் உட்காரச் சொன்னார்கள், அவள் அசையவில்லை. பூரணம் தன்னை இந்தப் பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும்தான் அவளுக்கு இருந்தது.

தேவர்குளம் தாண்டியபோது பூரணம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்காரு என்று சொல்லவில்லை. அன்னக்கிளி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் முன்னால் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மானூர் வந்தது. ஆள் ஏறி, ஆள் இறங்கி, பஸ் மறுபடி கிளம்பியது.

“அன்னைக்கு வியாழக்கிழமை” என்றாள் பூரணம், ஜன்னலைப் பார்த்தபடியே. “காலையில இட்லி சாப்பிடும்போது இடது தோளு வலிக்குன்னு சொன்னாவ. நான் வாயுன்னு நினைச்சு வெந்நி வச்சுக் குடுத்துட்டு ஸ்கூலுக்குப் போயிட்டேன்.”

“பொறவு?” என்றாள் அன்னக்கிளி.